லாப்ரடாரோடு எட்டு நாள் மலையேற்றம் போகலாமா?

கேள்வி: பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் அபார்ட்மென்டில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடார் முத்துவுக்கு மூன்று வயது, 32 கிலோ. அக்டோபரில் நண்பர்கள் இருவரோடு அவனையும் கூட்டிக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இமயமலையிலோ ஏழெட்டு நாள் கூடாரம் போட்டு நடக்க ஆசை. என்னென்ன வாங்கணும் அண்ணா? எப்படித் தயார் பண்ணுவது?

பதில்:

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. அதற்கு ஒரு சனிக்கிழமை போதும். அதற்கு முன்னால் எங்கே நடக்கப் போகிறீர்கள் என்பது முடிவாக வேண்டும். நம் நாட்டில் நாயோடு காட்டுக்குப் போகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பெங்களூர்க்காரர்கள் மலை என்றதும் சொல்லும் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குமார பர்வதம் புஷ்பகிரி சரணாலயத்துக்குள் இருக்கிறது. குதிரேமுக் தேசியப் பூங்கா. கொடைக்கானல் பக்கக் காடு 2013-லேயே சரணாலயமாகிவிட்டது. அகத்தியமலையின் தமிழகப் பக்கமும் மேகமலையும் புலிகள் காப்பகம். வடக்கே போனாலும் இதே கதை: கேதார்கந்தா கோவிந்த் சரணாலயத்தில், சந்தக்பூ பாதை சிங்கலீலா தேசியப் பூங்காவில், பூக்களின் பள்ளத்தாக்கு தனியாக ஒரு தேசியப் பூங்கா. இங்கெல்லாம் வளர்ப்பு நாயை உள்ளே விடமாட்டார்கள். வனக்காவலர் இல்லாத நேரம் பார்த்து அதிகாலையில் நுழைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் காட்டு விலங்குக்கும் தொற்றும். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வைரஸால் செத்தன. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோதும் அதே வைரஸைக் கண்டுபிடித்தார்கள். முத்துவுக்கு ஊசி போட்டிருக்கும், சரி. ஆனால் வாசலில் நிற்கும் வனக்காவலர் ஒவ்வொரு நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்தது முத்துவின் உயிர், உங்கள் உயிர். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. யானையும் கரடியும் நாயைத் தின்னாது, ஆனால் இவைதான் உங்களுக்கு அதிக ஆபத்து. யானையைப் பார்த்ததும் நாய் குரைக்கும், யானை துரத்தும், பயந்த நாய் எங்கே ஓடும்? எசமானைத் தேடித்தான். பின்னாலேயே யானையும் வரும். கரடிக்கும் இதே கணக்குத்தான். குடகு, சக்லேஷ்பூர் காப்பித் தோட்டங்களில் “இது தனியார் நிலம், நாய் வரலாம்” என்று சொல்வார்கள். அந்தத் தோட்டங்களுக்குள்ளும் யானை நடமாட்டம் உண்டு. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் நாயோடு எட்டு நாள் கூடாரம் போடும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஒருநாள் பயிற்சிக்குக் கொல்லிமலை, ஏலகிரி, ஏற்காடு ஊர்ப் பாதைகள் போதும்.

எட்டு நாள்தான் வேண்டும் என்றால் இமயமலை அடிவாரம். ஹிமாசலில் குல்லு பக்கமும் உத்தராகண்டில் குமாவுன் பக்கமும் ஊருக்கு ஊர் போகும் பழைய கோவேறு கழுதைப் பாதைகள் உண்டு. சரணாலய எல்லைக்கு வெளியே வருகிற பாதையாகத் தேர்ந்தெடுத்து, அந்த வனக் கோட்ட அலுவலருக்கு, அதாவது டிஎஃப்ஓவுக்கு, “எங்களோடு ஒரு நாய் வருகிறது” என்று தெளிவாக எழுதி அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. உத்தராகண்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆகவே இரவுத் தங்கல் ஊர் ஓரங்களில் அமையும்படி வழியைப் பிரியுங்கள். உயரம் 3,000 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மலை உயரம் நாய்க்கும் ஒத்துக்கொள்ளாமல் போகும். சாப்பாட்டைப் பார்த்ததும் பாய்கிற லாப்ரடார் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், அன்றைக்கு மேலே ஏற வேண்டாம். வாந்தியும் சேர்ந்தால் கீழே இறக்குங்கள்.

அந்தப் பக்கம் இன்னொரு விஷயம் இருக்கிறது, இங்கிருந்து போகிறவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை: மேய்ப்பர்களின் காவல் நாய்கள். கத்தி (Gaddi), போட்டியா (Bhotia) என்று சொல்லப்படும் இவற்றுக்குக் கழுத்தில் இரும்பு முள் பட்டை மாட்டியிருப்பார்கள், சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க. சிறுத்தையோடு மல்லுக்கு நிற்கிற நாய்க்கு முத்து எம்மாத்திரம்? அக்டோபரில் மந்தைகள் மேலிருந்து இறங்கி வரும் காலம், பாதையில் எதிரே வரும். தூரத்தில் மணிச்சத்தம் கேட்டவுடனே பாதையைவிட்டு மேல்பக்கமாக ஒதுங்கி, நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, மேய்ப்பரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் ஒரு விசில் அடித்தால் நாய்கள் அடங்கும். அவர் கண்ணில் படும் முன்பே நாய்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டால் நிலைமை வேறு.

இதிலிருந்து வருவதுதான் பயிற்சியில் முதல் பாடம். முத்து ஆட்டையும் மாட்டையும் பார்த்தால் என்ன செய்கிறான்? ஒயிட்ஃபீல்டில் இது தெரியவராது. ஹொசக்கோட்டை தாண்டிப் போனால் செம்மறி மந்தைகள் மேயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு கூட்டிப்போய், தூரத்தில் நின்று பாருங்கள். காது விறைத்து, வால் ஆடாமல் நின்று, நீங்கள் கூப்பிடுவது காதில் விழாதவன்போல் இருந்தால் உங்களுக்கு மூன்று மாத வேலை இருக்கிறது. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எப்படியானாலும் மலையில் கயிறு கையில் இருக்க வேண்டும். “என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்” என்பதெல்லாம் கப்பன் பார்க்குக்குச் சரி. மான் ஒன்று குறுக்கே ஓடும்போது செல்லாது.

இப்போது உடம்பு. லாப்ரடாருக்கு இடுப்பு, முழங்கை மூட்டு இரண்டும் பரம்பரையாகவே பலவீனமாக இருக்க வாய்ப்புண்டு. வெளியே தெரியாமல் மூன்று வயதுவரை ஓடியாடும், எட்டு நாள் தொடர் நடையில் காட்டிக்கொடுக்கும். ஜூலையிலேயே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ காட்டி, இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். மெல்லிய போர்வைக்கு அடியில் விரலால் தொடுவதுபோல் எலும்புகள் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் முதலில் எடை குறையட்டும். தயிர்சாதமும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த நம்மூர் லாப்ரடார்களில் முக்கால்வாசிக்கு இதுதான் கேஸ்.

நடையைச் சின்னதாகத் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பன்னிரண்டு வாரத்தில், அடுத்தடுத்த மூன்று நாள் தலா 12 கிலோமீட்டர் நடந்துவிட்டு நான்காம் நாள் காலை நொண்டாமல் எழுந்தால் தயார். அபார்ட்மென்ட் படிக்கட்டு நல்ல மலை. ஆனால் ஏறிப்போய் லிஃப்டில் இறங்குங்கள். இறங்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னங்காலிலும் முழங்கையிலும் விழுகிறது. இறக்கப் பழக்கத்தை மண்பாதையில் மெதுவாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

பாதம்தான் எல்லோரும் மறப்பது. டைல்ஸிலும் பார்க் நடைபாதையிலும் நடக்கும் நாயின் பாதத் தோல் மெத்தென்று இருக்கும். சரளைக்கல்லில் இரண்டாம் நாளே உரிந்துவிடும். தினம் கால்மணி நேரம் கரடுமுரடான தரையில் நடத்திக் கூட்டிக்கொண்டே போனால்தான் தடிக்கும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். வெயிலில் பாறை மேல் உங்கள் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அவனாலும் முடியாது. சாவனதுர்கா மாதிரி மொட்டைக் கருங்கல் மலையில் காலை ஒன்பதரைக்கே அந்தச் சூடு வந்துவிடும். நாய்க்கான பூட்ஸ் கடையில் கிடைக்கிறது. ஆனால் முதல் தடவை போட்டதும் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி நிற்கும். வீட்டிலேயே பழக்குங்கள். பாதத்தில் வெட்டு விழுந்தால் கட்டுக்கு மேல் மாட்டவாவது ஒரு செட் அவசியம்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104-ஐத் தொட்டால் நடையை நிறுத்துங்கள், 106 உயிருக்கு ஆபத்து. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதன்பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது. அக்டோபர் மலையில் குளிர்தானே என்று நினைப்பீர்கள். பகல் ஏற்றத்தில், மூட்டை சுமந்த கறுப்பு லாப்ரடாருக்குக் குளிர் தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் பெங்களூரில் நாய் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், இருந்தும் மலைக்குப் போகும்போது அசட்டையாக இருக்கிறார்கள். உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலானர் மாத்திரை ஏறக்குறைய மூன்று மாதம் காக்கும், அஃபாக்ஸோலானர் ஒரு மாதம். எது என்பதை டாக்டர் சொல்லட்டும், வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரையே யோசித்துத்தான் தருவார்கள். மாத்திரை போட்டாலும் ராத்திரி கூடாரத்தில் டார்ச் அடித்துத் தேட வேண்டும்: காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் முளைக்கிற இடம், அக்குள். மிளகு சைஸில் தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு ஷிவமொக்கா பக்கம் போகும் எண்ணமிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கேயுள்ள கியாசனூர் காட்டில் 1957-ல் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் மனிதருக்கு உண்ணி வழியாகத்தான் வருகிறது, சீசன் டிசம்பர் முதல் மே வரை. நாயின் ரோமத்தில் ஏறும் உண்ணி கூடாரத்துக்குள் உங்களிடம் வந்து சேரும். அட்டைக்கு இத்தனை பயம் தேவையில்லை, ஆனால் மூக்குக்குள் புகுந்தால் தொல்லை. தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

ஊசிகளில் ராபிஸ், டிஸ்டெம்பர்-பார்வோ கூட்டூசி, அதில் லெப்டோ கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வருவது அது. புறப்படுவதற்கு மாதம் முன்பே போட்டு முடித்திருங்கள். நீங்களும் நண்பர்களும் ராபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நாய்ச் சண்டையில் கையை விடுகிறவன் மனிதன்தான்.

சாப்பாட்டுக் கணக்கு: வீட்டில் 32 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 1,500 கலோரி. தினம் ஏறி இறங்கும்போது 2,400 முதல் 2,800 வரை வேண்டும். உலர் தீவனமாக 650 முதல் 800 கிராம். எட்டு நாளுக்கு ஐந்தாறு கிலோ. வழியில் ரொட்டியும் பாலும் கிடைக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். வீட்டில் தின்னும் அதே தீவனத்தைக் கொண்டுபோங்கள். பெரிய சாப்பாடு ராத்திரி, நடை முடிந்து ஒருமணி நேரம் கழித்து. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், மலையில் அதற்கு வைத்தியமே இல்லை. தண்ணீர் சாதாரண நாளில் இரண்டு லிட்டர், நடக்கும் நாளில் மூன்று நான்கு.

உங்கள் பைக்குள் இருப்பதையும் பாருங்கள். மலையேறுகிறவர்கள் கொறிக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், டார்க் சாக்லேட் இதயத்தை. வெங்காயம் போட்ட உப்புமா மிச்சமும் கூடாது. கால் வலிக்கிறதே என்று காம்பிஃப்ளாம், டோலோ எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கான வலிமருந்து தனி. டாக்டரிடம் முத்துவின் எடைக்கு எத்தனை மில்லி, எத்தனை வேளை என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடிக்கு ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். நம்மூர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் செய்தது, நாய்க்கும் அதுவேதான் போடுவார்கள். இமயமலைக் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி.

தூக்கிக்கொண்டு என்றேனே, அதை இந்த வாரமே செய்து பாருங்கள். முத்துவைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் அபார்ட்மென்டைச் சுற்றிக் கால்மணி நேரம் நடங்கள். மூன்று பேரும் மாற்றி மாற்றி. 32 கிலோ சிமென்ட் மூட்டை அசையாது, இவன் நெளிவான். நாயைச் சுமக்கும் தூளிப்பை விற்கிறது. இல்லாவிட்டால் கெட்டியான பெட்ஷீட்டில் நான்கு கால் போக ஓட்டை போட்டுத் தைக்கலாம். இருவர் சுமக்க, ஒருவர் மூட்டைகளைப் பார்க்க, மூன்று பேர் என்பது குறைந்தபட்சம். பாதையில் எந்த இடத்திலிருந்தும் ஒரு பகலுக்குள் ஜீப் வரும் ரோட்டுக்கு இறங்க முடிகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். முடியாத பாதை என்றால் வேறு பாதை.

மருந்துப் பையில் பீட்டாடின், பஞ்சு, ரோமத்தில் ஒட்டாத சுற்றுக்கட்டு, இடுக்கி, தெர்மாமீட்டர், பழைய சாக்ஸ், வாய்க்கட்டுக்கு ஒரு நீளத் துணி. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். முத்துவுக்கு முதுகுப்பை மாட்டுவதானால் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதாவது மூன்று கிலோ. முதல் இரண்டு வாரம் வெறும் பை. மீதிக்கு: கழுத்துப் பட்டை அல்லாமல் கைப்பிடி உள்ள ஹார்னஸ், படுக்க ஃபோம் பாய், கழுத்தில் மாட்ட சின்ன விளக்கு. ராத்திரி அவன் கூடாரத்துக்கு உள்ளேதான். வெளியே கட்டிப்போட்டால் சிறுத்தைக்குக் கட்டிவைத்த மாதிரி. ஜிப் சத்தத்துக்கும் ஒடுக்கமான இடத்துக்கும் மொட்டைமாடியில் நாலைந்து ராத்திரி பழக்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவதுதான் பாதிப் பயணம். விமானத்தில் இந்த எடை நாய் சரக்குப் பகுதியில்தான் போகும், எனக்கு அதில் விருப்பமில்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் கேபினையோ முழுசாக எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் மூவர் என்பதால் கேபின், நான்காவது இடத்துக்கும் காசு. ஆனால் டிக்கெட் எடுத்ததாலேயே தனி கேபின் கிடைத்துவிடாது. ரயில்வேக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், ஒதுக்கீடு சார்ட் போடும்போதுதான் தெரியும். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் தடுப்பூசிச் சான்றைக் காட்டி நாய்க்குத் தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்கணும். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அன்றைக்கே உட்காருங்கள். ராஜதானி என்றால் செகந்திராபாத், நாக்பூர், போபால், ஜான்சி நிற்கும் இடங்கள். வீட்டுப் புல்தரையிலேயே மூத்திரம் போய்ப் பழகிய நாய் பிளாட்பாரக் கான்கிரீட்டைப் பார்த்துவிட்டு டெல்லிவரை அடக்கிக்கொண்டு வரும். இப்போதிலிருந்தே சிமென்ட் தரையில் நிறுத்தி ஒரே சொல்லைச் சொல்லிப் பழக்குங்கள். எங்கள் அல்சூர் தெருவில் எல்லாரும் சொல்வது “சூச்சூ”. அக்கம்பக்கம் சிரித்தால் சிரிக்கட்டும்.

திரும்பி வந்தபிறகு மூன்று வாரம் கவனமாக இருங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே வராது. சாப்பாடு குறைந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். முத்துவின் ஈறு சாதாரணமாக என்ன நிறம் என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லாப்ரடார்களில் சிலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும், அப்படியானால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கணும்.